குமாருக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள குமாருக்கு,

நாங்க சுகம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வத்திருச்சு. போன் எடுக்க மாட்டேங்கிறியேன்னு தபால் போடுறேன். கோபமில்லை. பயிற்சி நேரத்துல போனை அணைச்சு வைக்கணும்னு எனக்குத் தெரியாதா? ராத்திரி 9 மணிக்குமா பயிற்சி நடக்குது?

புஷ்பா டீச்சர் மக, சின்ன வகுப்பு டீச்சர்களுக்கு நீ நடத்துற எண்ணும் எழுத்தும் பயிற்சிக்கு வந்திருந்தாளாம். "கருத்தாளர்னா உங்க பையன்தான் டீச்சர், அவங்க பாடினா வட்டார வள மையமே கூடப் பாடுது"ன்னா. மனசு நிறைஞ்சு போச்சு. அடுத்த வாயிலேயே, "சார் ரொம்ப இளைச்சுட்டாங்க, மதியம் சாப்பிடாம பொம்மைக்கு மூக்கு ஒட்டிக்கிட்டிருந்தாங்க"ன்னும் சொன்னா. நேரத்துக்குச் சாப்பிடு.

ஒண்ணு சொல்றேன், சுருக்குன்னு இருக்கும். நீ நல்லாப் பாடுறதால அந்த டீச்சர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கைதட்டிட்டுப் போயி, மறுநாள் பழையபடி புத்தகத்தைத் திறந்து வாசிங்கன்னுதான் சொல்லுவாங்க. நீ குறைச்சுப் பேசு, அவங்களைச் செய்ய விடு. கலை வழியாப் பாடம் நடத்த டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஐதராபாத் சி.சி.ஆர்.டி. மையத்துக்கு நான் பயிற்சிக்குப் போயிருந்தப்ப, எங்க குழுவுல ஒரு டீச்சர் வாயே திறக்க மாட்டாங்க. பழைய சாக்ஸ்ல ரெண்டு பட்டனைத் தைச்சு, உள்ளே அட்டையை மடிச்சு வாய் வச்சோம். அதைக் கையில மாட்டிக்கிட்டுத் திரைக்குப் பின்னால உட்கார்ந்ததுதான் தாமதம், அந்தம்மா மாமியாரையும் ஹெட்மாஸ்டரையும் சேர்த்து வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க! முகம் தெரியலேன்னா பேச்சு தானா வந்துடுது. வகுப்புல காட்டச் சொல்லி அங்கே கொடுத்துவிட்ட படப்பெட்டியை எங்க பள்ளிக்கூடத்துல பீரோவுல பூட்டி வச்சது உனக்குத் தெரிஞ்ச கதை. 2007-ல, பிள்ளைங்க அட்டையை எடுத்துத் தானாச் செஞ்சு படிக்கிற செயல்வழிக் கற்றல் வந்தப்பவும் பல இடத்துல அட்டையை அடுக்கத்தான் நேரம் சரியா இருந்துச்சு.

பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் போட்டி வைக்கிற கலைத் திருவிழா நல்லதுதான், வேண்டாங்கலை. ஆனா அது மேடை. ஏற்கெனவே ஆடத் தெரிஞ்சது ஏறிடும். எண்ணும் எழுத்துல ஆரம்ப நிலையில இருக்கிற அரும்புக் குழுவுல உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் கணக்குல அரையும் காலும் விளங்கணுமே. நான் தாளம் போட வைப்பேன். ஒரு தட்டு. அதே நேரத்துக்குள்ள ரெண்டு. அதே நேரத்துக்குள்ள நாலு. "ரெண்டைவிட நாலு பெரிசு, அப்ப அரையைவிடக் கால்தானே டீச்சர் பெரிசு?"ன்னு எவனாவது கேட்பான். பதில் சொல்லிடக் கூடாது. திரும்பத் தட்டச் சொல்லணும். நாலுல ஒரு தட்டுக்கு எவ்வளவு கொஞ்ச நேரம் கிடைக்குதுன்னு அவன் கைக்கே தெரிஞ்சுடும். உன் பயிற்சியிலயும் டீச்சர்களைத் தட்ட வை. தப்பாத் தட்டட்டும். நீ முந்திக்கிட்டுத் திருத்தாதே. சின்ன வயசுலேயே உனக்கு அந்தக் குணம், எதிராளி முடிக்கறதுக்குள்ள வாயில இருந்து பிடுங்கிடுவே. வீட்டுலயும் அப்படித்தான்.

மீனா சித்திரை வரைக்கும் மதுரையில இருப்பான்னு சம்பந்தியம்மா சொன்னாங்க. நான் ஒண்ணும் கேட்கலை. அம்மா வீட்டுக்குப் போறது ஊர்ல இல்லாத அதிசயமா? நானும்தான் போயிருக்கேன், உங்கப்பாவைக் கேளு, எத்தனை பஸ் மாறி வந்தார்னு சொல்லுவார். சம்பந்தியம்மா குரல்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. 40 டீச்சர்களைப் பேச வைக்கிறவனுக்கு ஒரு போன் போட வாய் வராதா? எனக்குன்னு சொல்லலை, பொதுவாச் சொல்றேன். போட்டாலும் நீயே பேசிக்கிட்டிருக்காதே, கேளு.

சளி பிடிக்காமப் பார்த்துக்கோ. நாள் முழுக்கப் பாடுற தொண்டை. வெந்நீர் குடி. சாப்பிடு.

கூழ்வத்தல் காய்ஞ்சாச்சு. மீனாவுக்குப் பிடிச்ச தக்காளி வத்தலும் கொஞ்சம் போட்டிருக்கேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து உன் விலாசத்துக்கே அனுப்பவா, இல்லை மதுரைக்குத் தனியா ஒரு பார்சல் போடவா? வெள்ளிக்கிழமை அப்பா பேங்குக்குப் போறார், அதுக்குள்ள சொல்லு.

அம்மா