பின்பக்கத்திலிருந்து வரும் சேதி

முத்தோரை, உதகை

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து நீ மறுபடியும் நடக்கத் தொடங்கியது நிம்மதி அளிக்கிறது. இங்கே உறைபனி விழத் தொடங்கிவிட்டது. விடியலில் கேரட் பாத்திகள் வெளுத்துக் கிடக்கின்றன.

துணை விண்மீனின் பொருளை இழுத்துக்கொள்ளும் பல்சாரில், அதாவது சுழன்றபடி துடிப்புத் துடிப்பாய் ஒளிரும் நியூட்ரான் விண்மீனில், எதையும் ஏறக்குறையத் தடையின்றி ஊடுருவும் நுண்துகள்களான நியூட்ரினோக்களை ஈர்ப்பு விசை என்ன செய்யும் என்று கேட்டிருந்தாய். எம்82 என்ற விண்மீன் மண்டலத்தில் உள்ள எம்82 எக்ஸ்-2 என்ற பல்சாரையே எடுத்துக்கொள். அது 1.37 நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது என்பது 2014-இல்தான் தெரியவந்தது. இத்தகையவற்றில், காந்தப்புலம் விழும் பொருளைத் துருவங்களின் மேல் தூணாகக் குவிக்கிறது. நொடிக்குப் பத்து லட்சம் கோடி டன்னுக்கு மேல் பொருள் விழும்போது, பக்கவாட்டில் தப்ப வேண்டிய ஒளி, பொருளோடு சேர்ந்து கீழே அடித்துச் செல்லப்படுகிறது. தூணின் அடியில் வெப்பம் ஆயிரம் கோடி டிகிரியை நெருங்க, எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதி அழிந்து நியூட்ரினோ இணைகளாகின்றன; ஒளியால் வெளியேற்ற முடியாத ஆற்றலின் ஒரு பகுதியை அவை சுமந்து செல்கின்றன.

நேற்றுக் காலை முட்டைக்கோஸ் இலையில் தங்கியிருந்த நீர்த்துளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். துளிக்கு அடியில் இருந்த நரம்பு மட்டும் தடித்துத் தெரிந்தது. அதே இடத்தில் ஒரு கூழாங்கல் இருந்தால் நரம்பே மறைந்திருக்கும். நியூட்ரான் விண்மீன் ஒளிக்குக் கூழாங்கல், நியூட்ரினோவுக்கு நீர்த்துளி. நமக்கு மறுபுறத்தில் உள்ள தூணிலிருந்து கிளம்பும் நியூட்ரினோக்கள் விண்மீனின் உடலையே ஊடுருவி வர, சூரியனைப் போல் 1.4 மடங்கு நிறையை ஏறக்குறைய 12 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடக்கிய அந்த ஈர்ப்பு, அவற்றின் பாதைகளை உள்நோக்கி வளைத்து நம் திசையில் குவிக்கிறது. ஆகவே தூண் நேர் பின்னால் போகும்போதுதான் நியூட்ரினோ ஒளிர்வு ஓங்கி நிற்கும். ஈர்ப்புக் கிணற்றிலிருந்து ஏறி வருவதால் ஒவ்வொன்றும் தன் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துதான் வரும் என்பது உண்மையே. ஆனால் என்னை ஆட்கொண்டது அந்தக் குவிப்புதான்: பாதை உடலுக்குள் செல்வதால், அதன் வளைவு விண்மீனின் உள்ளே நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. மேற்பரப்பிலிருந்து புறப்படும் எக்ஸ் கதிரால் அப்படி உள்ளே புகுந்து வர முடியாது.

இதை இன்று அளக்க வழியில்லை. மிகப் பிரகாசமான பல்சார்களிலிருந்து வரும் நியூட்ரினோ ஓட்டம்கூட, வானெங்கும் பரவிய நியூட்ரினோப் பின்னணியைவிட நூறு மடங்காவது குறைவு என்றே கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயினும் நான் நம்பிக்கை இழக்கவில்லை. விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பிடித்தவர்களும் அரிதானதற்காகக் காத்திருந்தவர்களே.

பாதை வளைவுகளைக் கையால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். மையத்தை ஒட்டிச் செல்லும் மூன்றாம் கோட்டில் எனக்கு ஐயம் இருக்கிறது; நீ ஒருமுறை போட்டுப் பார்த்து எழுது.

அன்புடன்,
ராஜு