பாட்டு சரி, விஷயம் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில், பெர்சியஸ் என்ற கேலக்ஸிக் கூட்டத்தின் நடுவிலுள்ள கருந்துளை சுற்றியுள்ள வாயுவில் எழுப்பும் ஒலி அலைகளைப் பற்றிய 'பாடும் கருந்துளை' துணுக்கைப் பார்த்தேன். அந்த அலைகளிலிருந்து நாசா 2022இல் வெளியிட்ட ஒலி, 57, 58 ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே ஏற்றித்தான் நம் காதுக்கு எட்டியது, அதையாவது ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதைவிட, அந்த அலைகளுக்கு அங்கே என்ன வேலை என்பதையே விட்டுவிட்டீர்களே!

பெர்சியஸ், சுமார் 24 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் கேலக்ஸிக் கொத்து, அதாவது ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்ட கேலக்ஸிகளின் கூட்டம். கேலக்ஸிகளுக்கு நடுவே பல கோடி டிகிரி சூட்டில் வாயு, அங்குள்ள விண்மீன்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதைவிடப் பல மடங்கு நிறை. இந்த வாயு எக்ஸ் கதிராகச் சூட்டை இழந்துகொண்டே இருப்பதால், குளிர்ந்து மையத்திலுள்ள என்ஜிசி 1275 கேலக்ஸிக்குள் கொட்டி, அங்கே ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்கள் அளவுக்குப் புது விண்மீன்கள் பிறக்க வேண்டும். அவ்வளவு பிறக்கவில்லை. காரணம் என்ஜிசி 1275இன் நடுவிலுள்ள அந்தக் கருந்துளைதான். வாயு உள்ளே விழுந்தால் தாரைகளை (வேகமாகப் பாயும் துகள் ஓட்டங்களை) வெளியே பீய்ச்சி வாயுவில் குமிழ் ஊதுகிறது, சுற்றியுள்ள வாயு மறுபடி சூடாகிறது, தீனி குறைந்ததும் கருந்துளை அடங்குகிறது, அப்புறம் வாயு ஆறினால் பழையபடி ஆரம்பம், இஸ்திரிப் பெட்டி தானே அணைந்து தானே எரிகிற மாதிரி. அந்தச் சூடு ஒலி அலையாகப் பரவுகிறதா, கொந்தளிப்பாகவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஜப்பானின் ஹிட்டோமி என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் 2016இல் பெர்சியஸைப் பார்த்தபோது வாயு எதிர்பார்த்ததைவிட அமைதியாக, அதாவது கொந்தளிப்புக் குறைவாக இருந்தது. பாவம், ஏவிய சில வாரங்களிலேயே அந்தச் செயற்கைக்கோள் போய்விட்டது.

எல்லாக் கொத்திலும் இந்தக் கட்டுப்பாடு செல்லுபடியாவதில்லை. 570 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஃபீனிக்ஸ் கொத்தின் மையக் கேலக்ஸியில் ஆண்டுக்குச் சுமார் 740 சூரியன்கள் அளவுக்கு விண்மீன்கள் பிறப்பதாக 2012இல் கணக்கிட்டார்கள், நம் பால்வழியில் ஒன்றிரண்டுதான். காலத்தில் இன்னும் பின்னால் போனால் நிலைமையே வேறு. பெருவெடிப்புக்கு 140 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு 14 கேலக்ஸிகள் நெருக்கியடித்து மோதிக்கொண்டிருந்த காட்சி 2018இல் வெளியானது. என்ஜிசி 1275 போன்ற ராட்சதக் கேலக்ஸிகள் அப்படித்தான் உருவாகத் தொடங்குகின்றன, முதலில் உள்ளேயே விண்மீன்களைப் பெற்றுத் தள்ளும், வயதானபின் பக்கத்துக் கேலக்ஸிகளை விழுங்கிப் பருக்கும்.

புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இத்தகைய தாரைகளைப் பார்க்கக்கூடியதுதான். அங்கே யாரிடமாவது கேட்டு அரைப் பக்கம் போடுங்கள். ராசிபலனில் கொஞ்சம் வெட்டினாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்