வெயிலை வீணாக்காதே, மீனா

ரங்கூன்
பங்குனி

அன்பு மகள் மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பள்ளிக்கூடம் மூடிவிட்டது, ஜூன் வரைக்கும் இரண்டு பேரையும் வீட்டில் வைத்து என்ன செய்வது, போனை வாங்கி வைத்தால் சண்டை என்று கேட்டிருந்தாய். அளவு, பக்குவம் எல்லாம் இருக்கிறதால் பேசி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். அடுப்படியில் எடுத்து வைத்துக்கொள்.

நாளுக்கொரு புது விளையாட்டு என்று தேடாதே. பத்து நாளில் உனக்கும் சலித்துப்போகும், பிள்ளைகளுக்கும் எதுவும் மனசில் நிற்காது. இந்த வெயிலில் மட்டுமே செய்ய முடிகிற வேலைகள் நாலைந்து இருக்கின்றன. அவற்றை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பிள்ளைகள் கையாலேயே முடிக்க விடு. மே மாதம் பாதியில் மழை பிடித்துவிட்டால் உங்கள் மோல்மீனில் கட்டின துணியே காயாது. காய வைக்க வேண்டிய வேலை எல்லாவற்றையும் அதற்குள் முடித்துவிட வேண்டும்.

நேரத்தை வெயிலுக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள். காலையில் ஆறிலிருந்து ஒன்பதரை வரை வெளியே. பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை வீட்டுக்குள்ளே ஒட்டுவது, வரைவது, உருட்டுவது. நாலுக்குப் பிறகு மறுபடி முற்றம். 2024 ஏப்ரலில் வடக்கே மகுவே பக்கம் சௌக் என்கிற ஊரில் 48.2 டிகிரி அடித்தது. நம் பக்கம் அவ்வளவு ஏறாது. ஆனால் புழுக்கத்தில் வியர்வை காயாமல் மேலேயே நிற்கும், உடம்புச் சூடு இறங்காது. அதனால் சூடு குறைவாகத் தெரிந்தாலும் பிள்ளை துவண்டுபோகும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து கலக்கி வைத்துக்கொள். உப்பை மட்டும் கண்ணளவில் போடாதே, கூடினால் கெடுதல். பிள்ளை உளறினாலோ, மேல் கொதித்து மயங்கினாலோ அது தண்ணீர் கொடுத்துப் பார்க்கிற விஷயமில்லை. துணியை நனைத்துப் போர்த்தி நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.

முதல் வேலை, காகிதப் பொம்மை. இந்த விடுமுறையில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய். தள்ளிவிட்டால் தானே எழுந்து நிற்குமே, கடையில் சிவப்பும் தங்கநிறமுமாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தக் காகிதப் பொம்மை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் இதே கணக்குத்தான்: அடி உருண்டை, அடியிலே கனம், மேலே லேசு. பெரியவனுக்கு ஒன்பது வயசு, முழுதும் தானே செய்வான். சின்னவள் காகிதம் கிழித்துக் கொடுக்கட்டும்.

முதலில் களிமண்ணில் அச்சு. முட்டை வடிவம், ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அடிப்பக்கம் அரைப்பந்து மாதிரி நல்ல உருண்டை. இங்கேதான் எல்லாரும் தவறுவார்கள். உட்காரட்டும் என்று அடியைத் தட்டையாக்கிவிட்டால் பொம்மை நிற்கும், ஆனால் தள்ளினால் விழுந்து கிடக்கும், எழாது. அச்சை இரண்டு நாள் நிழலில் வை, பிறகு வெயிலில் வை. எடுத்தவுடன் வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

பழைய பேப்பரை விரற்கடை அகலத்துக்குக் கையால் கிழிக்க வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம். வெட்டின ஓரம் மேடாக நிற்கும், கிழித்த ஓரம் படிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். பசைக்கு ஒரு பால் டின் மைதா, நாலு டின் தண்ணீர். மாவை முதலில் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இரு. வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி வரும்போது இறக்கு. பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற பசையில் ஒருபோதும் போடாதே. கொஞ்சம் உப்புப் போதும். மிஞ்சின பசை இந்தச் சூட்டில் மறுநாளே புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சு.

அச்சின்மேல் முதல் சுற்றைப் பசை இல்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்து ஒட்டு. அப்போதுதான் கூடு அச்சைவிட்டுக் கழன்று வரும். இரண்டாவது சுற்றிலிருந்து பசை. ஒரு சுற்று வெள்ளைப் பேப்பர், அடுத்தது பழுப்புக் காகிதம் என்று மாற்றி மாற்றி ஒட்டச் சொல். எங்கே விட்டுப்போனது என்று அவனுக்கே தெரியும். மொத்தம் ஏழு சுற்று. ஒரேயடியாக ஏழையும் ஒட்டக்கூடாது. மூன்று ஒட்டிக் காயவை, பிறகு இரண்டு, பிறகு இரண்டு. ஒட்டினதும் ஒரு மணி நேரம் காற்றாட நிழலில் இருக்கட்டும், அப்புறம் வெயில், நடுவில் திருப்பி வை. நேரே வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து இழுக்கும், உள்ளே ஈரம் நிற்கும், சுருங்கிக் கோணும். மழைக்காலத்தில் இதே வேலையைச் செய்தால் காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். அதனால்தான் இதை இப்போதே செய்யச் சொல்கிறேன்.

விரலால் சுண்டினால் டொக்கென்று சத்தம் வர வேண்டும். வந்தால் காய்ந்துவிட்டது. இனி நடுவில் சுற்றிக் கத்தியால் கீறி இரண்டு பாதியாகக் கழற்ற வேண்டும். இது உன் கை வேலை. கீறுவதற்கு முன் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பென்சில் கோடு போட்டுக்கொள், திரும்பப் பொருத்தும்போது கோட்டுக்குக் கோடு சேரும்.

கனம் வைப்பதில்தான் பொம்மையின் உயிரே இருக்கிறது. காகிதக்கூடு எவ்வளவு கனமோ அதைப்போல மூன்று பங்காவது களிமண் வேண்டும், ஆனால் பொம்மை உயரத்தில் கால்வாசிக்கு மேல் ஏறக்கூடாது. மேலே ஏற ஏற எழுந்திருக்கிற வேகம் குறையும். ஈரக் களிமண்ணை அப்படியே அப்பினால் காய்ந்ததும் சுருங்கி விட்டுப்போய் உள்ளே கடகடவென்று உருளும். அதனால் மண்ணை அடியில் அழுத்தி, அது காய்ந்தபின் சுற்றிலும் பசைக்காகிதம் போட்டுக் கூட்டோடு சேர்த்துக் கட்டிவிடு. மூடுவதற்கு முன் மேல் பாதியை டேப்பால் சும்மா ஒட்டித் தள்ளிப் பார்க்கச் சொல். ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் அந்தப் பக்கம் கனம் கூடிவிட்டது என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் கொஞ்சம் மண் சேர்க்க வேண்டும். இதைப் பையனே கண்டுபிடிக்கட்டும், நீ சொல்லிவிடாதே. சரியானதும் இரண்டு சுற்று ஒட்டி மூடி, சாக்பொடியைப் பசையில் குழைத்து வெள்ளை அடித்து, காய்ந்தபின் சிவப்பு, கண், மூக்கு. வெள்ளை அடிக்காமல் வர்ணம் பூசினால் பேப்பர் எழுத்தெல்லாம் தெரியும்.

ஏழு சுற்றும் காய்கிற நாள்களில் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜவ்வரிசி வடகம் போடு. ஒரு டின் ஜவ்வரிசியை இரவே ஊறவை. காலையில் நாலரை டின் தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் போட்டுக் கிண்டு. மணி மணியாகக் கண்ணாடி போல ஆகி, நடுவில் வெள்ளைப் பொட்டு லேசாகத் தெரியும்போது அடுப்பை அணை. மிச்சம் சூட்டிலேயே வெந்துவிடும். அரைத்த பச்சைமிளகாய், சீரகம், பெருங்காயம், இறக்கியபின் எலுமிச்சை. உப்பு மட்டும் நாக்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். தண்ணீர் சுண்டினபின் உப்பு ஏறிவிடும், நிறைய வீட்டில் வடகம் கரிப்பது இதனால்தான். கூழ் கரண்டியிலிருந்து மெதுவாக வழிய வேண்டும். கெட்டியாகப் போட்டால் பொரிக்கும்போது நடு பொரியாமல் கல்லாக நிற்கும், நீர்த்துப்போனால் உரிக்க வராது, கிழியும். ஆறவிட்டுச் சின்னவள் கையில் கரண்டியைக் கொடு. வட்டம் கோணலானால் என்ன, பொரிந்தால் தெரியவா போகிறது. பெரியவனுக்குக் காக்கை காவல். மாலை பனி இறங்குமுன் உள்ளே எடுத்து வை, மறுநாள் திருப்பிப் போடு. ஒடித்தால் படக்கென்று ஒடிகிற வரை, இரண்டு மூன்று நாள். எண்ணெய் நன்றாகக் காய்ந்தால்தான் உள்ளே மிச்சமிருக்கிற ஈரம் சட்டென்று ஆவியாகி வடகத்தை ஊதும். ஆறின எண்ணெயில் ஊறுமே தவிர ஊதாது. பொரிக்கிறது நீ, அவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும்.

ஏப்ரல் 13 தண்ணீர்த் திருவிழா தொடங்குகிறது, நம் சித்திரை வருஷப் பிறப்பும் அந்த நாள்களுக்குள்ளேதான். இந்தத் திஞ்சானை 2024இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள், பிள்ளைகளிடம் சொல். பிளாஸ்டிக் துப்பாக்கி வாங்காதே, இரண்டு நாளில் உடையும். மூங்கில் பீச்சாங்குழல் செய்து கொடு. உள்ளே ஒரு அங்குல விட்டம், ஒரு அடி நீளம், ஒரு முனையில் கணு மூடியிருக்க வேண்டும். மறுமுனையை ரம்பத்தால் அறு, அரிவாளால் வெட்டினால் பிளக்கும். பழுக்கக் காய்ச்சின ஆணியால் கணுவின் நடுவில் மூன்று மில்லிமீட்டர் துளை. அதற்கு மேல் பெரிதானால் தண்ணீர் காலடியிலேயே விழும். ஒன்றரை அடிக் குச்சியின் நுனியில் நாலு விரல் அகலத்துக்குப் பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றி, முன்னும் பின்னும் நூலால் கட்டு. கட்டாவிட்டால் துணி குழலுக்குள்ளேயே தங்கிவிடும். காய்ந்த துணி கொஞ்சம் தளர்வாகவே போக வேண்டும், நனைந்ததும் உப்பிச் சரியாகிவிடும். துளையைத் தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாக இழுக்கச் சொல். வேகமாக இழுத்தால் துணியோரம் காற்று ஏறி, தண்ணீர் பாதிதான் வரும். இரவில் குழலை வாளித் தண்ணீரிலேயே போட்டுவை, காய்ந்தால் வெடிக்கும்.

குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் இரண்டும் சரி. கண்ணிலும் வாயிலும் போகிற தண்ணீர், அதனால் தேங்கின குட்டைத் தண்ணீர் வேண்டாம். ஐஸ் தண்ணீரும் வேண்டாம். முகத்துக்கும் காதுக்கும் அடிக்கக்கூடாது, பைக்கில் போகிறவர்கள்மேல் அடிக்கவே கூடாது. புத்த பிக்குகளான பொங்கிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அடிக்கக்கூடாது. வயசானவர்களுக்கு நாவல் இனத்துத் தபியே மரக் கொழுந்தைக் கிண்ணத்தில் தோய்த்துத் தோளில் தெளித்தால் போதும். அதைச் சின்னவள் செய்தால் அழகாக இருக்கும்.

அந்த நாளுக்கு மொன்லோன்யேபோ, அதுதான் உள்ளே வெல்லம் வைத்த ஒட்டரிசி உருண்டை, உருட்டுங்கள். இரண்டு டின் ஒட்டரிசி மாவு, அரை டின் பச்சரிசி மாவு, ஒரு சிட்டிகை உப்பு. வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டுப் பிசை, காது மடல் பதத்துக்கு வர வேண்டும். பனைவெல்லத்தைக் கொண்டைக்கடலை அளவு உடைத்துக்கொள். பெரிதாக வைத்தால் மாவுச் சுவர் மெலிந்து வெடிக்கும், வெல்லம் தண்ணீரில் கரைந்து போய்விடும். மாவை ஈரத்துணியால் மூடியே வை, ஓரம் காய்ந்தால் உருண்டையில் கீறல் விழும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பத்துப் பதினைந்தாகப் போடு. ஒரேயடியாகக் கொட்டினால் கொதி அடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதலில் அடியில் போய் உட்காரும், வெந்ததும் மிதக்கும். மிதந்தவுடன் எடுத்துவிடாதே, இன்னும் ஒரு நிமிஷம் விட்டால்தான் உள்ளே வெல்லம் உருகும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கித் தேங்காய்ப்பூவில் புரட்டு. உள்ளே வெல்லம் கொதித்துக்கொண்டிருக்கும், ஐந்து நிமிஷம் பொறு. சின்னவளுக்கு நாலாக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும், ஒட்டு மாவு தொண்டையில் அடைக்கும். விளையாட்டுக்கு உள்ளே ஊசிமிளகாய் வைக்கிற பையன்கள் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள், அந்தத் தட்டை அவள் பக்கம் விடாதே.

முகத்தில் பூசுகிற தனக்காக் கட்டை அரைப்பதைச் சொல்ல மறக்கக்கூடாது. கல்லில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கட்டையை வட்டமாகத் தேய்க்கச் சொல், கூழ் லேசாகவே பூசு. கனமாகப் பூசினால் வெடித்து உதிரும். கரண்ட் போன நேரத்தில் கை காரியமாக இருக்க இதுவே நல்ல வேலை.

முற்றத்துச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, முதல் மழை என்றைக்கு, வேங்கை இனத்துப் படாக் மரம் என்றைக்குப் பூத்தது என்று பெரியவனை எழுதச் சொல். முதல் மழைக்குப் பிறகுதான் பூக்கும், பூத்த மறுநாளே உதிரும், கவனிக்காவிட்டால் தவறிவிடும்.

அங்கே ஒட்டுகிற களிமண் கிடைக்காவிட்டால் குயவர் தெருவில் வாங்கி ஒரு வீசை பஸ்ஸில் போட்டு விடுகிறேன், உடனே தகவல் சொல். பழைய பேப்பர் அப்பா சேர்த்து வைத்திருக்கிறார், அதையும் கட்டி அனுப்புகிறேன். வர்ணம் மட்டும் நீ அங்கேயே வாங்கிக்கொள். ஈயம் இல்லாதது, பிள்ளைகளுக்கு என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அம்மா