பேய்ப்படமும் வாலிபர் ஐக்கியமும்

பிரேசர் டவுன், பெங்களூரு

கர்த்தருக்குள் அன்பான நண்பா,

ஸ்தோத்திரம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. தாராவி சபை வாலிபர் ஐக்கியத்தில் 'தி எக்ஸார்சிஸ்ட்' போட்டுப் பேசலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் பேசலாம். ஆனால் முழுப் படம் வேண்டாம். பதினெட்டு வயது ஆகாதவர்களைக் கூப்பிடவும் வேண்டாம். சிலுவையை வைத்து வரும் அந்தக் காட்சியைப் பெரியவர்களுக்கும் காட்டாதே. பார்த்தவன் மனதில் அது மட்டுமே தங்கிவிடும்.

இந்தப் படம் என்றாலே பச்சை வாந்தியும் திருகும் கழுத்தும்தான் பேச்சில் வரும். ஒரு சிறுமிக்குள் புகுந்த பிசாசை இரண்டு பாதிரியார்கள் விரட்டப் போராடும் கதை அது, ஆனால் கதையின் காயம் வேறு இடத்தில் இருக்கிறது. பாதிரியார் கர்ராஸ் மனநல மருத்துவரும்கூட. தாயைத் தனியே விட்டுவிட்டோமே என்ற குற்றவுணர்வு அவரை அரிக்கிறது. விசுவாசம் போய்விட்டதென்று அவரே வாய்விட்டுச் சொல்கிறார். பிசாசு அந்த இடத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறது, அவருடைய தாயின் குரலிலேயே பேசி. முன்னதாகவே மூத்த பாதிரியார் மெரின் எச்சரித்திருந்தார்: அது பொய்யோடு உண்மையைக் கலந்து பேசும், காது கொடுக்காதே. தாயைப் பற்றிய குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்குகிறது. வெளிப்படுத்தல் 12:10 சாத்தானைக் குற்றஞ்சாட்டுகிறவன் என்று சொல்வதை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியாது.

2000ல் வந்த நீண்ட பதிப்பையே எடு. 1973 பதிப்பு 122 நிமிடம், இது 132. மாடிப்படியில் உட்கார்ந்து, ஏன் இந்தச் சிறுமி என்று கர்ராஸ் கேட்கும்போது மெரின் சொல்லும் பதில் இதில்தான் முழுதாக இருக்கிறது: நாம் நம்மை அருவருப்பாகப் பார்க்க வேண்டும், தேவன் நம்மை நேசிக்க முடியும் என்பதையே நம்பாமல் போக வேண்டும், நோக்கம் அதுதான். பாடத்தின் நடு அதுவே.

மூன்று துண்டு போதும்: விசுவாசம் போய்விட்டது என்று கர்ராஸ் சொல்லும் இடம், மெரினின் எச்சரிக்கை, மாடிப்படி. தொடங்கும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவை. கூட்டத்தின் நடுவில் தேடினால் வேண்டாத காட்சி திரையில் வந்து நிற்கும். விளக்கை அணைக்காதே. முதலில் மாற்கு 9:14-29ஐ ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். தன் அவிசுவாசம் நீங்க உதவும்படி கெஞ்சும் அந்தத் தகப்பனையும் கர்ராஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசு. ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு இரண்டு நிமிடம் அமைதி.

கூட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஊர்ப் பேய்க்கதையில்தான். ஒருவன் ஆரம்பித்தால் ஐந்து பேர் தொடர்வார்கள், ஒரு மணி நேரம் போய்விடும். உடனே வசனத்துக்குத் திருப்பு.

இன்னொன்று, இது தவறக் கூடாது. படத்திலேயே முதலில் மருத்துவர்கள், பிறகு மனநல மருத்துவர்கள், அதன்பின்தான் பேயோட்ட பிஷப்பின் அனுமதி. கர்ராஸ் வெறும் குழாய்த் தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லித் தெளித்துச் சோதிக்கிறார், சிறுமி துடிக்கிறாள், அதை அவர் பேய்க்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நிதானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டு. வலிப்போ, காதில் குரல் கேட்பதோ என்று யாராவது சொன்னால் ஜெபமும் செய், சயான் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போ. இங்கே நாங்கள் பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குத்தான் அனுப்புகிறோம்.

முடிவுக் காட்சியைக் காட்டாதே. "என்னை எடுத்துக்கொள்" என்று கர்ராஸ் பிசாசைத் தன்மேல் வாங்கி ஜன்னல் வழியே பாய்வது யோவான் 15:13ஐ நினைவூட்டும், உண்மைதான். ஆனால் மனம் உடைந்த ஒரு பிள்ளை அந்த அறையில் இருந்தால் அது சாவதற்கான அழைப்பாகப் படும். யாராவது கேட்டால், சிறுமியைக் காக்கப் போனார், சாகப் போகவில்லை என்று நிதானமாகச் சொல். பேச்சு முடிந்தபின் அப்படிக் கேட்டவனோடு தனியாக உட்கார்.

தேதி முடிவானதும் எழுது, அன்று மாலை இங்கே நாங்களும் ஜெபிப்போம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்