பழுது எழுத்துருவில் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், தன் பைத்தான் நிரல் தமிழ்க் கோப்பைத் திறக்க மறுக்கிறது என்று கேட்டிருந்த மாணவிக்கு, 'நல்ல யூனிகோட் எழுத்துரு ஒன்றை நிறுவிப் பாருங்கள்' என்று பதில் தந்திருந்தீர்கள். எத்தனை எழுத்துரு நிறுவினாலும் அந்த எரர் போகாது. எழுத்துருவின் வேலை எழுத்தைத் திரையில் வரைவது. அந்த மாணவியின் நிரல் அதுவரை வரவே இல்லை; கோப்பில் உள்ள பைட்டுகளைப் படிக்கும்போதே விழுந்துவிட்டது.

விண்டோஸ் நோட்பேட் 2019 முதல் புதுக் கோப்புகளை யூடிஎஃப்-8 என்னும், எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் முறையில்தான் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்; 'மா' என்றால் ம, கால் என்று இரண்டு குறியீடு. ஆனால் பைத்தானின் ஓப்பன் கட்டளைக்கு என்கோடிங், அதாவது எழுத்தைப் பைட்டாக்கும் முறை, எது என்று நாம் சொல்லாவிட்டால், அது கோப்பைப் பார்த்து முடிவு செய்வதில்லை. கணினியின் வட்டார அமைப்பைப் பார்க்கிறது. இந்திய ஆங்கிலம் என்று அமைத்திருக்கும் கணினியில் அதற்குக் கிடைப்பது விண்டோஸ்-1252 என்னும் பழைய அட்டவணை, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காகப் போட்டது. அதன் கணக்கில் ஒரு பைட் என்றால் ஓர் எழுத்து. 256 இடங்களில் ஐந்து காலி.

வேடிக்கையே அந்த ஐந்தில்தான். நம் மெய்யெழுத்துப் புள்ளியின் கடைசி பைட் சரியாக ஒரு காலி இடத்தில் போய் விழுகிறது. 'கு', 'சு' ஆகியவற்றில் வரும் உகரக் குறியும், ஏ, ஐ என்ற உயிரெழுத்துகளும் அப்படித்தான். ஆகவே 'அம்மா' என்று எழுதிய கோப்பைத் திறந்தால் எரர். 'மாமா' என்று மட்டும் எழுதிய கோப்போ சத்தமே இல்லாமல் திறந்துகொள்ளும். உள்ளே தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், முக்கால் பின்னம் என்று 12 கிறுக்கல்கள் இருக்கும். என்னைக் கேட்டால் அம்மாவே தேவலை, தப்பு அங்கேயே தெரிந்துவிடும். மாமா யார் கண்ணிலும் படாமல் டேட்டாபேஸ் வரை போய்விடுவார். எரர் வந்தால் கண்டுகொள்ளாதே என்று நிரலுக்குச் சொல்லிவிடும் குறுக்குவழி ஒன்றை இணையத்தில் பலர் சொல்லித் தருகிறார்கள். அம்மாவையும் மாமா கதிக்கு ஆளாக்கும் வேலை அது.

யூடிஎஃப்-8ஐ கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தது 1992-இல். ஜாவா என்னும் நிரல்மொழி அதை எல்லா இயங்குதளங்களிலும் இயல்பான என்கோடிங்காக ஏற்றுக்கொண்டது 2022 மார்ச்சில் வந்த 18-ஆம் பதிப்பில்தான். இடையில் 30 வருடம். விண்டோஸ் 11-உடன் வரும் பழைய பவர்ஷெல் 5.1 என்னும் கட்டளைச் சாளரம் இன்னும் ஒரு படி மேல்: அதில் அம்புக்குறி போட்டு ஒரு கோப்பில் எழுதினால் யூடிஎஃப்-16 என்னும் வேறொரு முறையில் எழுதி வைக்கும், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் அதை உரைக் கோப்பு என்றே ஒப்புக்கொள்ளாது.

இவ்வளவு காலம் இது நீடித்ததற்குக் காரணம் சாதாரணமானது. ஆங்கில எழுத்துகளுக்கு யூடிஎஃப்-8, விண்டோஸ்-1252 இரண்டிலும் அதே ஒரு பைட்தான், எனவே ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவர் கண்ணில் இது படாது. மேக்கிலும் லினக்ஸிலும் வேலை செய்பவருக்கு யூடிஎஃப்-8 தானாகவே கிடைத்துவிடுவதால் அவருக்கும் தெரியாது. நம் ஊர் ஆய்வகங்களில்தான் விண்டோஸும் தமிழும் ஒன்றாக வந்து மாட்டுகின்றன. 'நமக்கெதற்குத் தமிழ், நிரலெல்லாம் ஆங்கிலம்தானே' என்பவர்கள் ஒரு பில்லில் ரூபாய்க் குறியைப் போட்டுக் கோப்பில் எழுதச் சொல்லிப் பார்க்கட்டும். 2010-இல் வந்த அந்தக் குறிக்கும் பழைய அட்டவணையில் இடம் இல்லை, அங்கேயும் எரர்தான்.

பழசை மாற்றினால் ஏற்கனவே இருக்கும் கோப்புகள் படிக்க முடியாமல் போகும் என்பார்கள். ஜப்பானியர்களுக்கும் ரஷ்யர்களுக்கும் அது உண்மையான கவலை. அவர்கள் மொழிக்கென்று விண்டோஸில் பழைய அட்டவணை இருந்தது, அதில் எழுதிய கோப்புகள் இன்றும் குவிந்து கிடக்கின்றன. தமிழுக்கு விண்டோஸில் அப்படி இயல்பாக இயங்கும் ஓர் அட்டவணை இருந்ததே இல்லை. நம் பழைய கோப்புகள் பாமினி, டிஸ்கி, டேப் என்ற யூனிகோட் அல்லாத பழைய தமிழ் முறைகளில் இருக்கின்றன; அவற்றைப் படிக்க எப்படியும் ஒரு மாற்றி வேண்டும். விண்டோஸ்-1252ஐக் கட்டிக்கொண்டு இருப்பதால் நமக்குக் காலணா லாபம் இல்லை.

பைத்தானிலும் 3.15 பதிப்பு முதல் யூடிஎஃப்-8 தான் இயல்பு என்று முடிவாகிவிட்டது. ஆனால் புதுப் பதிப்பு வந்ததும் நம் ஆய்வகங்களில் ஏறிவிடும் என்று நினைப்பவர்கள், எத்தனை இடங்களில் இன்னும் ஜாவா 8 ஓடிக்கொண்டிருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். எனவே தங்கள் இதழில் வெளியிடும் பைத்தான் நிரல்களில், ஓப்பன் வரும் இடமெல்லாம் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சேர்த்தே அச்சிடுங்கள். பிளஸ் டூவில் பைத்தானும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்புகளும் நடத்தும் ஆசிரியர்களும் முதல் நாளே அதையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதினால் நல்லது. ஆய்வகப் பொறுப்பில் இருப்பவர்கள் பைத்தானின் யூடிஎஃப்-8 மோடைக் கணினியிலேயே நிரந்தரமாக இயக்கி வைக்கலாம்; 3.7 பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு.

அந்த மாணவிக்கு ஒரு வார்த்தை. நிரல் எழுதித் தரும் சிஎஸ்வி கோப்பை எக்ஸெலில் இரட்டைக் கிளிக் செய்து திறக்கப் போகிறீர்கள் என்றால், எழுதும்போது மட்டும் என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுங்கள். அது கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைக்கும். அதைப் பார்த்தால்தான் எக்ஸெல் பழைய அட்டவணைக்குப் போகாமல் தமிழைத் தமிழாகக் காட்டும்.

தங்கள் வாசகன்,
கணினி ஆய்வகப் பயிற்றுநர்,
விருதுநகர்.