மேமோகிராம் எடுத்த பிறகு என்ன நடக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் பற்றி எழுதும்போதெல்லாம் ‘பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்பதோடு முடித்துவிடுகிறோம். நான் வசிக்கும் அமெரிக்காவில் அது பாதிக் கதைதான். இங்கே கறுப்பினப் பெண்களுக்கு இந்த நோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் இறப்பு விகிதமோ ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பதில் அவர்கள் ஒன்றும் பின்தங்கியிருக்கவில்லை. அப்புறம் எங்கே உயிர் போகிறது?

என் பக்கத்து வீட்டு அக்கா கறுப்பினத்தவர். ‘இன்னொரு ஸ்கேன் வேண்டும், வாருங்கள்’ என்று வந்த கடிதத்தை ஒன்றரை மாதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார். பயத்தால் இல்லை, லீவு போட்டால் அன்றைய சம்பளம் கிடையாது, காப்பீட்டில் அந்த ஸ்கேனுக்கு எவ்வளவு கழியும் என்று யாரும் சரியாகச் சொல்லவும் இல்லை. கடைசியில் நான்தான் காரில் கூட்டிப்போனேன்.

டிரிபிள் நெகட்டிவ் என்ற, வேகமாகப் பரவும் மார்பகப் புற்றுநோய் வகை வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களை ஏறத்தாழ இரு மடங்கு தாக்குகிறது. அதற்கு ஹார்மோன் மாத்திரைகள் வேலை செய்யாது, ஒவ்வொரு வாரமும் முக்கியம். ஆனால் இறப்பில் உள்ள இவ்வளவு பெரிய இடைவெளிக்கு உடம்பை மட்டும் காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் மற்ற வகைகளிலும் அவர்களே அதிகம் இறக்கிறார்கள்.

2024-இல் இங்கே பரிசோதனையை 40 வயதிலேயே தொடங்கும்படி பரிந்துரையை மாற்றினார்கள், நல்லதுதான். சந்தேகம் வந்த பிறகு எத்தனை நாளில் பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதிப்பது), எத்தனை நாளில் சிகிச்சை என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி