கழற்றி எறிவதற்கு முன் கசிவைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் கார்வெட் என்ற அமெரிக்கக் கார் பற்றிய பத்தியில், இன்ஜினின் உறிஞ்சு விசையால், அதாவது வேக்குவத்தால், பாகங்களை அசைக்கும் அந்தக் காலத்து ஏற்பாடெல்லாம் இனி சரிப்பட்டு வராது, ஏசி காற்றைத் திருப்பிவிடும் பாகங்களை மொத்தமாகக் கழற்றிவிட்டு மின் மோட்டார் போட்டுக்கொள்வதுதான் வழி என்று எழுதியிருந்ததை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதே யோசனையை எனக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். கேட்டிருந்தால் நல்ல பாகங்களைக் குப்பையில் போட்டிருப்பேன்.

என்னிடம் இருப்பது 1979 கார்வெட். செயின்ட் லூயிஸ் ஆலையில் செய்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 53,807 வண்டிகள் செய்தார்கள், அதனால் இன்றைக்கும் பாகங்கள் கிடைக்கின்றன. நான் இருப்பது டென்வரில். இங்கிருந்து மேற்கே ஐ-70 சாலையில் மலை ஏறினால் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரும், கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கும் மேலே. இரண்டு வருடம் முன்பு ஆகஸ்ட் வெயிலில் அந்த ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்ததும், முகத்துக்கு நேராக வந்துகொண்டிருந்த குளிர்காற்று நின்று, எல்லாம் முன்கண்ணாடிப் பக்கம் போய்விட்டது. மேலே போய்க் காலைத் தளர்த்தினேன், மெல்லத் திரும்பி வந்தது. அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது கார் புத்தகம் அல்ல, ரயில். என் அப்பா பெரம்பூர் ரயில் பெட்டிப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். அப்போது ரயில்களில் வேக்குவம் பிரேக். வண்டி நெடுகிலும் ஓடும் குழாயில் வேக்குவம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், பயணி சங்கிலியை இழுத்தாலோ ஹோஸ் கிழிந்தாலோ வெளிக்காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போனால் பத்திரமான பக்கம் சாய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. கார்வெட்டிலும் அப்படியே. வேக்குவம் இல்லையென்றால் உள்ளிருக்கும் சின்னக் கதவுகளை ஸ்பிரிங் தள்ளிக் காற்றை முன்கண்ணாடிக்கு அனுப்பிவிடும். டென்வரில் பனிக்காலம் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும், கண்ணாடியில் ஆவி படிந்தால் முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. மின் மோட்டாரில் ஃபியூஸ் போனால் கதவு எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே நிற்கும். இதற்காகவே பழையதை நான் விட மாட்டேன்.

சரி, வேக்குவம் எங்கிருந்து வருகிறது? இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது, கார்புரேட்டரின் தட்டு பாதி மூடியிருக்கிறது, அதனால் அதற்குக் கீழே, காற்றை இன்ஜினுக்குள் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டில், அழுத்தம் குறைகிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள வால்வுக்கு வரும். லீவரை நகர்த்தும்போது அந்த வால்வு ஏதாவது ஒரு டப்பிக்கு வேக்குவத்தைத் திறந்துவிடும், டப்பிக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு இழுபட்டுக் கதவைத் திருப்பும். அவ்வளவுதான் வேலை. மூடிக் கிடக்கும் ஹெட்லைட்டுகள் எழுந்து நிற்பதும் இதே மேனிஃபோல்ட் வேக்குவத்தில்தான். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் தட்டு திறந்துவிடும், வேக்குவம் விழுந்துவிடும். அந்த நேரத்துக்குச் சேர்த்து வைத்ததைத் திரும்பி ஓடவிடாமல் பிடித்து வைப்பது, காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வின் பொறுப்பு.

அப்படியென்றால் ஏற்றத்தில் மட்டும் காற்று மாறுகிறது என்றால் முதலில் யாரைச் சந்தேகப்பட வேண்டும்? செக் வால்வைத்தான். கழற்றி வாயால் ஊதினேன், இரண்டு பக்கமும் காற்று போனது. ஒரு பக்கம்தான் போக வேண்டும். சில டாலரில் புதியது வாங்கிப் போட்டேன். பாதி குணமானது, ஏற்றத்தில் முன்னைவிடக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து அப்புறம் விழுந்தது. அதாவது பிடித்து வைத்தது வேறெங்கோ கசிகிறது.

வேக்குவத்தை அளக்கும் கேஜை மாட்டிப் பார்த்தபோது ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, 15 அங்குலம் பாதரசம் காட்டியது (வேக்குவத்தை இந்த அளவில்தான் சொல்வார்கள்). கையேட்டுக் கணக்கில் 17 முதல் 21 வரை இருக்க வேண்டும் என்று பதறினேன். ஆனால் அது கடல் மட்டத்துக் கணக்கு. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும், டென்வர் 5,280 அடியில் இருக்கிறது. அப்படியானால் 15 என்பது நல்ல இன்ஜின்தான். சென்னையில் இருப்பவர் 15 பார்த்தால் கவலைப்பட வேண்டும், இங்கே வேண்டாம். மலையூர்க்காரர்கள் பலர் இதைத் தெரியாமலே இன்ஜினைப் பிரித்துவிடுகிறார்கள்.

பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, கேஜ் வைத்த கை பம்பை ஒவ்வொரு கிளையிலும் மாட்டி 15 அங்குலம் இழுத்துப் பார்த்தேன். ஹெட்லைட் பக்கம் அசையாமல் நின்றது. ஏசி பக்கம் பத்து விநாடியில் பூஜ்யம். பம்பை அங்கேயே வைத்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தினேன். முன்கண்ணாடி நிலையில் வேக்குவம் நின்றது, முகத்துக்குக் காற்று வரும் நிலையில் மட்டும் இறங்கியது. இந்த ஒரு சோதனை அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும் ஐயா. பிரதான ஹோஸில் குற்றமில்லை, லீவருக்குப் பின்னால் உள்ள வால்வும் தப்பித்தது, அந்த ஒரு நிலைக்குப் போகும் டப்பியும் அதன் ஹோஸும்தான் மிச்சம். க்ளவ் பாக்ஸைக் கழற்றிக் கையை உள்ளே விட்டேன். ஹோஸின் முனை வெயிலில் காய்ந்த வற்றல் மாதிரி விறைத்து நீளவாக்கில் வெடித்திருந்தது. அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி செருகினேன். டப்பியின் சவ்வு பம்பில் ஒரு நிமிடம் நின்றது, அதில் பழுதில்லை. பிறகு அந்த ஹோஸை முழுதாகவே மாற்றிவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகையை இங்கே எழுதவில்லை. அவர்கள் கேஜை மாட்டாமலே தீர்ப்புச் சொன்னார்கள் என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் வாசகர்களில் இப்படி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம். ஹெட்லைட் இரண்டும் சட்டென்று எழுந்து, காற்று மட்டும் தப்பான பக்கம் போனால் பழுது டேஷ்போர்டு பக்கம். ஹெட்லைட்டும் காற்றும் இரண்டுமே மந்தமானால் மேனிஃபோல்டுக்கு அருகில் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் தாமதமாகவும் உதைத்தும் மாறினாலும், ஐடில் தடுமாறினாலும் அதே சந்தேகம்தான், கியர்பாக்ஸும் அந்த வேக்குவத்தைப் பார்த்துத்தான் மாறுகிறது. சூடான இன்ஜின் மேல் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் கார்ப் கிளீனரைத் தெளித்துக் கசிவு தேடும் பழக்கத்தை விடுங்கள், தீப்பிடிக்கும். ஒரு முழ ஹோஸை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மெதுவாக நகர்த்துங்கள், கசியும் இடத்தில் உஸ்ஸென்று கேட்கும். பழைய ஹோஸைப் பிளையரால் நசுக்கிச் சோதிக்க வேண்டாம், அங்கேயே வெடிக்கும், உருவி அடையுங்கள். மீன்தொட்டிக் குழாய் போடவே போடாதீர்கள், இன்ஜின் சூட்டில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பெரிய கேம் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு இன்ஜினை மாற்றியவர்களுக்கு ஐடிலில் வேக்குவம் உண்மையிலேயே போதாது. அவர்கள் மின் வேக்குவம் பம்ப் சேர்ப்பதில் நியாயம் உண்டு. அப்போதும் டப்பிகளும் கதவுகளும் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

கட்டுரையில் உள்ள அந்த வரியை மட்டும் அடுத்த ஞாயிறு திருத்தி வெளியிடுங்கள். அதை நம்பி ஸ்பேனரை எடுத்தவர் யாராவது இருந்தால், டேஷ்போர்டைப் பிரிப்பதற்கு முன் செக் வால்வை ஒரு தடவை ஊதிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டென்வர், கொலராடோ.